படிப்பகத்துக்கு அடிக்கல்: ஒபாமா வாரனைக் கூப்பிட்ட கதையும் நம்ம ஊர்க் கோபமும்

ஜூலை 3, 2024. காட்பாடி வாசகர் கேட்டது

கட்சிப் படிப்பகத்துக்கு அடிக்கல் நாட்டப் போகிறோம். சொந்த மனை, நன்கொடைக் காசு, அரசுப் பணம் ஒரு பைசா இல்லை. தலைவர் தன் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஐயரையே பூமி பூஜைக்கு வரச் சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் பசங்க கொதிக்கிறாங்க. "பெரியார் படம் மாட்டப் போற சுவருக்கு மந்திரமா?" என்று ஒருத்தன் போட்டான், அதற்கு நாற்பது கைதட்டல். இதற்கு நடுவில் ஒரு பெரியவர், "ஒபாமாவே 2009-ல ரிக் வாரன்ங்கிற பாதிரியாரை வெச்சு ஜெபம் பண்ணித்தான் பதவியேற்றார். ஆதரவாளருங்க ரெண்டு நாள் கத்தினாங்க, அடங்கிட்டாங்க. இதுவும் அடங்கிடும்" என்கிறார். அது வேற, இது வேற என்பது என் வாதம். சரிதானா?

ஜூலை 3, இரவு 10.10

வேறதான். ஆனால் "ரெண்டு நாள்" என்பதை முதலில் அடித்துவிடுங்கள்.

2008 நவம்பர் 4 அன்று ஒபாமா ஜெயித்தார். அன்றைக்கே, அதே வாக்குச்சீட்டில், கலிஃபோர்னியாவில் 8-ஆம் முன்மொழிவும் இருந்தது. கல்யாணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும்தான் என்று மாநில அரசியலமைப்பில் எழுதிவைக்கும் முன்மொழிவு. 52 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வாங்கி நிறைவேறியது. அதே மாநிலத்தில் ஒபாமாவுக்கு 61 சதவீதம். ஜூனிலிருந்து நவம்பருக்குள் அங்கே சுமார் 18,000 தன்பாலினத் தம்பதிகள் சட்டப்படி கல்யாணம் செய்திருந்தார்கள். ஜெயித்த இரவிலேயே தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் உருவானது இப்படித்தான்.

வாரன் அக்டோபரிலேயே தன் சாடில்பேக் சபையாரிடம் அந்த முன்மொழிவை ஆதரித்து வாக்களிக்கச் சொல்லியிருந்தார். டிசம்பர் 17-ல் பதவியேற்பு நிகழ்ச்சி நிரல் வெளியானபோது, ஆசீர்வாதம் சொல்பவர் அவர். காயம் ஆறு வாரப் பழசு. பொருக்குக்கூட கட்டவில்லை.

தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடும் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் அமைப்பின் தலைவர் ஒபாமாவுக்கே கடிதம் எழுதினார். மறுநாள் சிகாகோவில் நிருபர்கள் கேட்டபோது ஒபாமா பின்வாங்கவில்லை. கருத்து வேறுபட்டவர்களும் ஒரே மேடையில் நிற்கலாம் என்பதுதான் அவர் பதிலின் சாரம். சத்தம் ஜனவரி 20 வரை, ஐந்து வாரம் ஓடியது. நாலு வருஷம் கழித்து இரண்டாம் பதவியேற்பில் அதே பள்ளத்தில் இன்னொரு பாதிரியார் விழுந்தார். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 4, காலை 6.30

ராத்திரி அவசரத்தில் ஒரு தப்பு. வாரன் சொன்னது ஆசீர்வாதம் இல்லை, ஆரம்ப ஜெபம். முடிவில் ஆசீர்வாதம் சொன்னவர் ஜோசப் லோரி: 87 வயது, மார்ட்டின் லூதர் கிங்கோடு சேர்ந்து இயக்கம் கட்டியவர், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கு ஆதரவாகப் பேசியவர்.

இந்தத் தப்பு சும்மா போகிற தப்பு இல்லை. வேலூர்ப் பக்கம் சி.எஸ்.ஐ. சபை விழா எதையாவது பாருங்கள். நோட்டீஸில் முதல் வரி ஆரம்ப ஜெபம், கடைசி வரி ஆசீர்வாதம். ஆரம்ப ஜெபத்தை சபையில் ஒரு பெரியவரோ பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாவோ சொல்லலாம். ஆசீர்வாதம் என்றால் அபிஷேகம் பெற்ற ஆயர்தான் கை தூக்கணும். திருச்சபைக் கணக்குப்படி லோரிக்குத்தான் கனமான இடம். டெலிவிஷன் கணக்கு வேறு. தொடங்கும்போது எல்லா கேமராவும் மேடையில் இருக்கும். உறுதிமொழியும் உரையும் முடிந்தபின் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். ஆதரவாளர்கள் டெலிவிஷன் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

2013-ல் ஆரம்ப ஜெபம் சொன்ன மெர்லி எவர்ஸ் வில்லியம்ஸ் பாதிரியாரே இல்லை. 1963-ல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் மனைவி. அந்த இடத்துக்கு அங்கி தேவையில்லை என்று அங்கேயும் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 4, பகல் 1.15

ஆம்பூர் வாசகர் எழுதியிருக்கிறார்: "இன்னா அண்ணா இது, பூஜை முடிஞ்சி பிரியாணி, கூடவே கத்திரிக்கா பச்சடி போட்டுட்டா எவன் கேக்கப் போறான்?"

கேட்பான். சாப்பிட்டுவிட்டுக் கேட்பான். அதோடு ஐயர் பூஜை நடக்கும் பந்தலுக்கு இருபது அடியில் தேக்சாவை இறக்கினால் வருகிற சண்டை தனி. பூஜை என்று ஒன்று வைத்தால் சமையலைப் பந்தலைத் தாண்டிக் காற்று போகிற பக்கம் தள்ளுங்கள்.

ஜூலை 4, இரவு 11

இப்போது விஷயத்துக்கு. "யாரைக் கூப்பிட்டார் தலைவர்" என்று கிளம்பும் கோபம் மூன்று தினுசு. மூன்றுக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் காய்ச்சல் ஏறும்.

ஒன்று, "எதுக்கு மந்திரமே?" ரெண்டாவது, "ஏன் ஒரு மதம் மட்டும்?" மூன்றாவது, "ஏன் இந்த ஆள்?"

வாரன் விஷயம் சுத்தமாக மூன்றாவது. ஜெபம் இருப்பதைப் பற்றியோ கிறிஸ்தவம் மட்டும் இருப்பதைப் பற்றியோ அந்த ஆதரவாளர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. "எங்களுக்கு எதிராக வாக்குக் கேட்ட மனுஷனா?" என்பதுதான் கேள்வி. அதற்கு ஒபாமா தரப்பிலிருந்து கிடைத்ததெல்லாம் ரெண்டாவதுக்கான மருந்து: இன்னொருத்தரும் இருக்கிறாரே என்பது. லோரி இருக்கிறார் என்றார்கள். ஜனவரி 12 வாக்கில், வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளரான ஆயர் ஜீன் ராபின்சன் 18-ஆம் தேதி பதவியேற்பையொட்டி நடக்கும் லிங்கன் நினைவிடத்து இசைவிழாவில் ஜெபம் சொல்வார் என்று அறிவிப்பு வந்தது. அன்றைக்கு நடந்தது என்ன? நிகழ்ச்சியை ஒளிபரப்பிய எச்.பி.ஓ.வில் ராபின்சனின் ஜெபம் வரவே இல்லை. ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே அதை முடித்திருந்தார்கள். ஒட்டுப் போட வந்த துணியே கிழிந்தது.

தருமபுரியில் 2022 ஜூலையில் நடந்தது ரெண்டாவது தினுசு. ஆலாபுரம் ஏரி வேலைக்கு அரசு சார்பில் பூமி பூஜை. தி.மு.க. எம்.பி. செந்தில்குமார் அங்கே இருந்த அதிகாரியைக் கேட்டார்: இந்து மதத்து ஆள் மட்டும் இருக்கிறாரே, கிறிஸ்தவர் எங்கே, இஸ்லாமியர் எங்கே, மதம் இல்லாதவர் எங்கே, திராவிடர் கழகம் எங்கே? "இந்த ஐயர் ஏன்" என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள். கேள்வியின் கடைசிப் பகுதி முதல் தினுசுக்குள் ஒரு காலை வைக்கிறது.

உங்கள் படிப்பகத்துப் பசங்க கேட்பது முதல் தினுசு. பெரியவர் எடுத்துக் காட்டுவது மூன்றாவது தினுசிலிருந்து. பொருந்தாது.

ஜூலை 5, மாலை 5.40

பேர்ணாம்பட்டு வாசகர்: "அப்போ ஹஜ்ரத்தையும் ஃபாதரையும் கூப்பிட்டு மூணு பேரையும் நிக்க வெச்சா முடிஞ்சுதே?"

முடியாது என்று மேலேயே சொன்னேன், அது ரெண்டாவதுக்கான மருந்து. "எதுக்கு மந்திரமே" என்றவனுக்கு மூன்று மந்திரம் கொடுத்தால் என்ன சொல்வான்? ஆனால் அரசு விழாவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சர்வமதம் வைக்கத்தான் வேண்டும் என்றால் வேலூர் மாவட்டத்தில் எங்கெங்கே கால் இடறும் என்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

நாள். வெள்ளிக்கிழமையைத் தொடாதீர்கள். ராகு காலம் 10.30 முதல் 12. அது முடிந்தால் ஜும்ஆ, ஹஜ்ரத் பள்ளிவாசலை விட்டு வர ஒன்றரை, ரெண்டு ஆகும். 9-லிருந்து 10.15 வரைதான் இடுக்கு. ஞாயிறு என்றால் ஆயர் ஆராதனை முடித்து வர 11 தாண்டும், 12-லிருந்து 1.30 எமகண்டம். வியாழக்கிழமை காலை யாருக்கும் தொந்தரவில்லாத நேரம் கிடைக்கும். ராகு காலம் மதியம் 1.30-க்குத்தான். எமகண்டம் 6-லிருந்து 7.30. அது போன பின் வையுங்கள்.

குத்துவிளக்கு. இங்கேதான் அதிகம் கவிழும். ஃபாதர் ஏற்றுவார், சி.எஸ்.ஐ. ஆயர் பெரும்பாலும் ஏற்றுவார். பெந்தெகொஸ்தே பாஸ்டர் பலர் மாட்டார்கள், ஹஜ்ரத் மாட்டார். மேடையில் மெழுகுவத்தியை நீட்டி, அவர் கையைப் பின்னுக்கு இழுக்கிற கணத்தை ஒருத்தன் படம் எடுத்துவிட்டால் அந்தப் படம்தான் விழா. விளக்கை மேடைக்கு வெளியே முன்பே ஏற்றி வைத்துவிடுங்கள். மரக்கன்று நடுவதானால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஃபாத்திஹா என்று நோட்டீஸில் அச்சடிக்காதீர்கள். சில ஜமாஅத்துகளுக்கு அது வழக்கம், சிலருக்கு ஆகவே ஆகாது. துஆ, அதாவது பிரார்த்தனை, என்று போட்டால் இருவருக்கும் சரி. கிறிஸ்தவர்களில் யார் என்பதும் கேள்விதான். வேலூரில் சி.எஸ்.ஐ. பேராயமும் உண்டு, கத்தோலிக்க மறைமாவட்டமும் உண்டு, ஆற்காடு லுத்தரன் சபையும் உண்டு. ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவரிடம் முந்தின வாரமே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். போன் போதாது.

ஆளுக்கு இரண்டு நிமிஷம், எழுதிக் கொடுத்த வாசகம், அதில் தலைவர் பெயர் வரக் கூடாது. "இவர் ஆட்சி நூறாண்டு நீடிக்க" என்று ஒருவர் ஜெபித்தால் அது ஜெபம் இல்லை, தேர்தல் பிரச்சாரம். வாரனும் பார்த்துத்தான் எழுதினார். "இஸ்ரவேலே கேள்" என்ற யூத வாசகத்தைச் சேர்த்தார், இயேசுவின் பெயரையே யெஷுவா, ஈசா, ஹேசுஸ், ஜீசஸ் என்று நாலு மொழி வழக்கில் சொன்னார். வார்த்தையில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆள்தான் பிரச்சினை என்று ஆன பின் வார்த்தை எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

கொடுக்கிற கவர். தட்சணை, காணிக்கை, ஹதியா எப்படிச் சொன்னாலும் மூன்று கவரிலும் ஒரே தொகை. ஐயருக்குச் சாமான் செலவு தனியாகச் சேரும், அதைத் தனிக் கணக்கில் கொடுங்கள்.

ஜூலை 6, காலை

ராணிப்பேட்டை வாசகர் கேட்பது: "சட்டத்தில் இதுக்கெல்லாம் இடம் இருக்கா? கோர்ட்டுக்குப் போனா நிக்குமா?"

அமெரிக்காவில் மைக்கேல் நியூடவ் என்பவர் 2009 பதவியேற்பு ஜெபங்களைத் தடுக்க வழக்குப் போட்டார், நிற்கவில்லை. அவர்களின் அரசியலமைப்பில் உள்ள அதிபர் உறுதிமொழி 35 வார்த்தை, அதில் கடவுளும் இல்லை, பாதிரியாரும் இல்லை. பதவியேற்பு மேடையிலேயே ஜெபம் வைக்கும் வழக்கம் 1937-ல் ரூஸ்வெல்ட் இரண்டாம் முறை பதவியேற்றபோது வந்தது.

இங்கே குஜராத் உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கு நடந்த பூமி பூஜையை எதிர்த்து ஒருவர் பொதுநல வழக்குப் போட்டார். 2011-ல் தள்ளுபடி, கூடவே 20,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னார்கள். ஆக கோர்ட் வழி குறுகல்.

பதவியேற்பு என்றால் நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையே ரெண்டு வழி தருகிறது: கடவுள் பெயரால் ஆணையிடுவது, அல்லது உளமார உறுதி கூறுவது. 2021 மே 7-ல் ஸ்டாலின் உளமார என்றுதான் சொன்னார். கல்யாணத்துக்கும் வழி உண்டு. 1967-ல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. அதனால்தான் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஹோமப் புகை தெரிந்தால் தொண்டனுக்குக் கூடுதலாகச் சுடுகிறது. தன் கட்சி போட்டுக் கொடுத்த பாதையிலேயே தலைவர் நடக்கவில்லையே என்கிற எரிச்சல். அடிக்கல்லுக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, கேட்கவும் தேவையில்லை.

ஜூலை 7

மூன்று தினுசு என்று சுலபமாகப் பிரித்தது கொஞ்சம் அதிகப்படி. ஒன்று இன்னொன்றாக மாறும். படிப்பகத்து ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "எதுக்கு மந்திரம்" என்று தொடங்குகிற பையன் ரெண்டாவது வாக்கியத்திலேயே "அனைத்துச் சாதி அர்ச்சகர் என்று நாம்தானே சட்டம் கொண்டுவந்தோம்" என்பான். அது மூன்றாவது தினுசு. இந்த ஆள் ஏன், பயிற்சி பெற்ற நம் ஆள் ஏன் இல்லை?

அந்தப் பின்னணியும் சின்னதில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய திருத்தம் 1970. சேஷம்மாள் வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை போனது சரி என்றது, ஆகமத்தை, அதாவது கோயில் பூஜை விதிகளை, தொடாமல் விட்டது. 2006-ல் மறுபடி ஆணை, 2007-ல் ஆறு பயிற்சிப் பள்ளிகள். அதில் ஒன்று திருவண்ணாமலையில், 1989 வரை அது நம் வட ஆற்காடு. 200-க்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்துக் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14-ல்தான் 24 பேருக்குச் சேர்ந்தாற்போல வேலை கிடைத்தது.

கோயில் கருவறைக்குத்தான் ஆகமப் பிரச்சினை. காலி மனையில் செங்கல் வைக்க எந்த ஆகமமும் குறுக்கே நிற்காது. பூஜை வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருந்தால் அப்படிப் பயிற்சி பெற்றவர் ஒருவரை அழைத்துத் தேவாரம் பாடிச் செய்யலாம். பாதிக் கோபம் இறங்கும். மீதிப் பாதி இறங்காது, படிப்பகத்தில் பூஜையே கூடாது என்பவன் தேவாரத்துக்கும் அதைத்தான் சொல்வான்.

ஜூலை 7, கொஞ்சம் கழித்து

2013 கதையை எழுதுகிறேன் என்று சொல்லி விட்டுவிட்டேன். லூயி கிக்லியோ என்ற பாதிரியாரை ஆசீர்வாதத்துக்கு அழைத்தார்கள். 1990-களில் அவர் தன்பாலீர்ப்பைக் கண்டித்துப் பேசிய பிரசங்கத்தின் ஒலிப்பதிவை ஓர் இணையதளம் தோண்டி எடுத்தது. ஜனவரி 10-ல் அவரே விலகினார். பதவியேற்புக்கு பதினோரு நாள். அவருக்குப் பதில் லூயிஸ் லியோன் வந்தார்.

நாலு வருஷம் முன்னால் சூடு கண்டவர்களே பழைய ஒலிநாடாவைக் கேட்காமல் அழைத்தார்கள். நம்ம ஊரில் நாடா தேட வேண்டியதே இல்லை, யூடியூபில் கிடக்கிறது. அழைக்க நினைக்கும் சாமியார், பாஸ்டர், ஹஜ்ரத் யாரானாலும் அவர் பெயரோடு மாற்று மதத்தின் பெயர், சாதிப் பெயர், எதிர்க்கட்சித் தலைவர் பெயர், "பெண்கள்" என்ற சொல் இந்த நாலையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். ஒரு மாலை வேலை. முகநூலில் பழைய நேரலைகளையும் பாருங்கள், பண்டிகை நாள் பேச்சில்தான் வாய் நீளும்.

ஜூலை 8, காலை 7

லூயிஸ் லியோன் யார் என்று யாரோ கேட்டார்கள். வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் புனித ஜான் தேவாலயத்தின் அப்போதைய குரு. நம் வேலூர்க் கோட்டைக்குள் ஒரு தேவாலயம் இருக்கிறதே, அதற்கும் அதே பெயர்.

அந்த வாஷிங்டன் தேவாலயம் இந்தக் கதையில் முன்பே வந்துபோனது. 2009 ஜனவரி 20 காலையில், பதவியேற்புக்கு முன் ஒபாமா குடும்பம் அங்கே தனி ஆராதனைக்குப் போனது. பிரசங்கம் செய்தவர் டி.டி. ஜேக்ஸ். தன்பாலீர்ப்பு பற்றி அவர் கருத்தும் ஏறக்குறைய வாரன் கருத்துதான். அவருக்கு எதிராக வாரனுக்குக் கிளம்பியதில் பத்தில் ஒரு பங்கு சத்தம்கூட இல்லை. ஏன்? அது தனி வழிபாடு. மேடை இல்லை, மைக் இல்லை, தலைவர் சார்பில் கோடிப் பேர் முன்னால் வாய் திறக்கும் உரிமை இல்லை. தொண்டர் கணக்குப் பார்ப்பது அந்த உரிமையைத்தான். தலைவர் காதில் யார் எதை ஓதினாலும் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை.

காட்பாடி நண்பரே, உங்களுக்கு வேண்டியது இதற்குள் இருக்கிறது.

ஜூலை 8, மாலை. காட்பாடி வாசகர்

புரியுது. ஆனா தலைவர் "விடியக்காலை ஆறு மணிக்கு ஈசான மூலையில சத்தமில்லாம பூஜை, பத்து மணிக்கு விழா" என்கிறார். இது ஜேக்ஸ் மாதிரிதானே?

ஜூலை 8, இரவு

இல்லை. ஜேக்ஸ் பேசியது வேறு கட்டடத்தில். உங்கள் தலைவர் அதே மனையில், அதே குழியில் செய்யச் சொல்கிறார்.

பூமி பூஜை என்பதே தடயம் விடுகிற காரியம். வடகிழக்கு மூலையில் ஒன்றரை அடிக் குழி, மஞ்சள் தடவிய செங்கல் ஐந்து, நவதானியம், பால், செம்புக் கலசம், மாவிலை, உடைத்த தேங்காய், பூசணிக்காய். பத்து மணிக்கு வருகிறவன் காலில் முதலில் மிதிபடுவது குங்குமம் தடவிய பூசணித் துண்டுதான். மறைத்துச் செய்தது தெரிந்தால், "எதுக்கு மந்திரம்" என்ற கோபத்தோடு "ஏன் ஒளித்தீர்கள்" என்பதும் சேரும். அதற்கு மருந்தே கிடையாது.

பூஜை அவருக்கு வேண்டும் என்றால் அவர் வீட்டில் செய்யட்டும். ஐயரை வீட்டுக்கு அழைத்து, செங்கல்லை அங்கே வைத்துப் பூஜை பண்ணி, ஆசையிருந்தால் அந்த ஒரு கல்லை மற்றக் கற்களோடு கலந்துவிடட்டும். கொத்தனாருக்கு எல்லாக் கல்லும் கல்தான்.

மனையில், மூத்த கொத்தனார் முதல் கல்லை வைக்கட்டும். அவருக்கு வேட்டி, துண்டு, ஒரு மாலை. தலைவர் கரணையைக் கையில் வாங்கி ரெண்டாவது கல்லுக்கு கலவை போடட்டும். ஒரு பாண்டு கலவை போதும், சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து. அதிகம் குழைத்தால் பேச்சு முடிவதற்குள் இறுகிவிடும், ஜூலை வெயிலில் அரை மணியிலேயே கரணை இழுக்காது. சிமென்ட் கையை அரிக்கும், ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் பக்கத்தில் வையுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் தலைவர் சட்டையில் துடைப்பார்.

ஜூலை 10

இன்று காலை வேலூர் மக்கான் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கு மாலை போடுகிற நாள். 1806. நெற்றிக்குறி கூடாது, தாடியை ஒதுக்கு, கடுக்கனைக் கழற்று, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று மேலதிகாரிகள் போட்ட உத்தரவுதான் பொறி. அணிவகுப்பில் ஒரே மாதிரி தெரியட்டும் என்று போட்டார்கள், யாரையும் கேட்கவில்லை. இழைக்குச் சம்பந்தமில்லை என்று மட்டுறுத்துநர் சொன்னால் எடுத்துவிடுகிறேன். எனக்குச் சம்பந்தம் இருப்பதாகப் படுகிறது.

அந்தப் புரட்சி நடந்த கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருப்பதைக் காட்டி "பாருங்கள் நல்லிணக்கம்" என்று எழுதுவார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறை லிங்கம் இல்லாமல் கிடந்ததையும், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981 மார்ச் 16-ல்தான் உள்ளே வந்ததையும் சேர்த்தே சொல்லணும்.

ஜூலை 11

ஒரு திருத்தம். ராபின்சனை ஒட்டுப் போடும் துணி என்றேன். வாரன் சர்ச்சைக்கு முன்பே அவர் பெயர் திட்டத்தில் இருந்தது என்று ஒபாமா தரப்பு அப்போதே சொன்னது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அறிவிப்பு பிந்தி வந்ததால் ஒட்டாகத்தான் தெரிந்தது. ரெண்டு பெயரையும் டிசம்பர் 17-ல் சேர்த்துச் சொல்லியிருந்தால் இத்தனை நாள் ஓடியிருக்காது என்பது என் கணிப்பு. சர்வமத விழா வைப்பவர்களுக்கும் இதேதான்: எல்லாப் பெயரும் முதல் நோட்டீஸிலேயே. ரெண்டாம் நோட்டீஸில் ஏறுகிற பெயர் சமாதானத்துக்கு ஏறிய பெயராகத்தான் படிக்கப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வாரனுக்கு நியாயமாக. 2006 டிசம்பரில் எய்ட்ஸ் மாநாட்டுக்கு ஒபாமாவைத் தன் சபைக்கு அழைத்து மேடை கொடுத்தவர் அவர். கருக்கலைப்பை ஆதரிப்பவனுக்கு மேடையா என்று அவருடைய ஆட்களே அவரைத் திட்டினார்கள். அப்போது அவர் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. 2008-ல் ஒபாமாவும் பெறவில்லை. அந்த மரியாதைக் கடன் தெரியாமல் படித்தால் ஒபாமா செய்தது வெறும் வாக்குக் கணக்காகத் தெரியும். ரெண்டும் இருந்தது.

ஜூலை 14. காட்பாடி வாசகர்

தலைவர் ஒத்துக்கிட்டார், பூஜை அவர் வீட்டோட. கல் வைக்கிறது கொத்தனார். ஆனா தேதி ஜூலை 27 சனிக்கிழமைதான் வேணுமாம். பசங்க காரணம் கேக்கிறாங்க.

ஜூலை 14, இரவு

ஆடி 11, வாஸ்து நாள். ஆடியில் வீட்டு வேலை தொடங்காதவர்களும் அந்த ஒரு நாளை ஒத்துக்கொள்வார்கள். பசங்களிடம் "சனிக்கிழமை லீவு, கூட்டம் வரும்" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். 9-லிருந்து 10.30 ராகு காலம், ஆகவே அவர் எட்டரைக்குள் முடிக்கச் சொல்வார். சொன்னால் சரி என்றுவிடுங்கள், வெயிலும் ஏறியிருக்காது. நோட்டீஸில் "காலை 8 மணி" மட்டும் இருக்கட்டும். "சுபமுகூர்த்தத்தில்" என்று அச்சகத்தில் தானாகச் சேர்த்துவிடுவார்கள், அவர்களிடம் இருக்கும் பழைய மாதிரியில் அந்த வரி இருக்கும். அச்சுப்படியை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.

ஜூலை 16. காட்பாடி வாசகர்

புதுத் தலைவலி. கல்வெட்டில் யார் பெயர் மேலே என்று ரெண்டு பேர் சண்டை. ஐயர் பிரச்சினையை எல்லாரும் மறந்தே போயிட்டாங்க.

ஜூலை 16, இரவு

எதிர்பார்த்ததுதான். இதற்கு வாரன் உதவ மாட்டார். ரெண்டுக்கு மூன்றடி, 20 மில்லிமீட்டர் கிரானைட் என்றால் முப்பது கிலோ வரும். அதைத் தாங்கும் ஒன்பது அங்குலச் சுவரை நாலு நாள் முன்பே கட்டித் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள், முந்தின நாள் கட்டிய சுவரில் பதித்தால் திரை விலக்கும்போது கல்லும் கூடவே வரும். பெயர்களைப் பதவி வரிசையில் எழுதி, ரெண்டு பேரிடமும் தாளிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு வெட்டக் கொடுங்கள். கீழே நாலு அங்குலம் காலியாக விடச் சொல்லுங்கள்.